கண்ணாடிக் கூண்டில் இருக்கிறவள்

அவ்லபாரி நிலையத்தின் அடியில்
நகரும் படிக்கட்டு தரைக்குள் மடங்கிப்போகிற இடத்தில்
கண்ணாடிக் கூண்டு.
உள்ளே நாற்காலி, ஒலிவாங்கி,
சிவப்புப் பொத்தான்,
அப்புறம் நான், மக்வாலா.

திபிலிசியின் முகங்களைப் பார்க்க
எனக்குச் சம்பளம் இல்லை.
கால்களைப் பார்க்கத்தான்.
பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன்:
குதி தேய்ந்தவை, கடன் வாங்கிப் போட்டவை,
மழையில் நனைந்து செய்தித்தாள் திணித்துக் காயவைத்தவை.
ஏழு பத்துக்கு ஒட்டுப்போட்ட பழுப்பு பூட்ஸ் வரும்.
அது வராத வாரத்தில்
எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

"படியில் உட்காராதீர்கள்" என்பேன் ஒலிவாங்கியில்.
எல்லோரும் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார்கள்.
குரல் மேலேயிருந்து வருகிறதென்று நினைப்பு.

மகள் பாரி நகரத்தில்
யாரோ ஒரு இத்தாலியக் கிழவிக்குச் சூப் ஊட்டுகிறாள்.
ஞாயிறு மாலை பதினோரு நிமிஷம் எனக்கு.
காலை தேவாலயத்துக்கு.
அங்கே சின்னச் சின்னச் சீட்டுகள் வைத்திருப்பார்கள்,
உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று.
மகளை எழுதுவேன். தம்பியை எழுதுவேன்.
என்னோடு பேசாத தம்பி மனைவியை
கொஞ்சம் அழுத்தி எழுதுவேன்.
கடைசி ரயில் ஓட்டும் தெங்கிஸி.
என் பெயரை எழுதியதில்லை.
தன் பிறந்தநாளுக்குத் தானே பூ வாங்குகிற மாதிரி
கூச்சமாக இருக்கும்.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு.
பாதர் ஸெபெதேவுக்கு ஜலதோஷம்.
நோரா, வாஹ்தாங், குழந்தை லேலா என்று
வரிசையாக வாசித்து வந்தவர் ஒரு சீட்டில் நின்றுவிட்டார்.
திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.
பெயரில்லாத சீட்டை வாசிக்கும் வழக்கமில்லை.
தூபக்கலசத்தின் சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அவ்லபாரியில், கீழே,
கண்ணாடிக் கூண்டில் இருக்கிறவள்" என்றார்.
பிறகு, தானாகவே சேர்த்துக்கொண்டது போல,
"பெயரை நீர் அறிவீர், ஆண்டவரே."
மூக்கைத் துடைத்துக்கொண்டு
அடுத்த சீட்டுக்குப் போனார்.

மெழுகு விரலில் வழிந்ததைக்கூட உணரவில்லை நான்.
முன்னால் முதுகுகள்.
பழக்கதோஷம், குனிந்து கால்களைப் பார்த்தேன்.
பாதிப் பேரைத் தெரியும்.
ஒட்டுப்போட்ட பழுப்பு பூட்ஸும்
தூணோரம் நின்றது.
அவரா? கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது.
அந்தக் கூண்டில் முறைவைத்து மூன்று பேர் உட்காருகிறோம்.
டோடோவுக்காக இருக்கலாம். நானுலிக்காக இருக்கலாம்.
நானுலிதான் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள்.
பாலத்தில் நின்று கொஞ்ச நேரம்
அவள் மேல் பொறாமைப்பட்டேன்.
அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.
எழுதியவருக்கும் பெயர் தெரியாது,
வாசித்தவருக்கும் தெரியாது.
தெரிந்தவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.
முகவரி குழம்புமா அவருக்கு?

திங்கள் காலை முதல் முறை எனக்குத்தான்.
குவிமாடத்தில் அவரை எவ்வளவு உயரத்தில் வரைகிறார்கள்,
கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கிறோம்.
எனக்கென்னவோ
அவர் அடியில் எங்கோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.
இடுப்பு வலியோடு, ஆறிய தேநீரோடு,
இறங்கி வருகிற ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு,
பொத்தானுக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி.

எட்டேகாலுக்கு ஒரு பையன்.
அவிழ்ந்த ஷூ கயிறு பற்களுக்குள் போக இன்னும் நாலு படி.
அழுத்தினேன்.
படிக்கட்டு முழுவதும் குலுங்கி நின்றது.
நாற்பது பேர் என்னைத் திட்டினார்கள்.

"நீலச் சட்டை, கயிற்றைக் கட்டு."

அவன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

கண்ணாடியைத் தட்டினேன்.
இங்கே, தம்பி.
கீழே.